காற்றும் வெயிலும் கரண்ட் பில்லும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்கட்டணம், காற்றாலை, சோலார், புது டவர் லைன் என்று பேச்சு எடுத்தாலே திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகளைக் கேட்டவர்கள் சொன்னபடியே விட்டிருக்கிறோம். கணக்குகள் எல்லாம் தமிழ்நாட்டு நிலவரப்படி. வீட்டுக் கட்டணம் என்று வரும் இடங்களில், 2024 ஜூலை உயர்வுக்குப் பிறகு வீட்டுக்காரர் தன் கையிலிருந்து கட்டும் தொகையைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறோம். 2025 ஜூலை உயர்வை வீடுகளுக்கு அரசே ஏற்றுக்கொண்டது.

காத்தும் வெயிலும் சும்மா கிடைக்குது, அப்புறம் ஏன் பில் மட்டும் ஏறிக்கிட்டே போகுது?

காற்றுக்கும் வெயிலுக்கும் காசு கிடையாது. காற்றாலைக்கும் பேனலுக்கும் கம்பிக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் உண்டு, அதற்கு வாங்கிய கடனின் வட்டிக்கும் உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் பில் ஏறியதற்கு முதல் காரணம் இவற்றைவிடப் பழையது. 2014 டிசம்பருக்குப் பிறகு 2022 செப்டம்பர் வரை கட்டணம் பெரிதாக உயரவில்லை. அதே காலத்தில் நிலக்கரி, சம்பளம், வெளியில் வாங்கும் மின்சாரம் எல்லாம் விலை ஏறின. துண்டு விழுந்த பணத்தைக் கடன் வாங்கிச் சமாளித்தார்கள். கடன் ஒன்றரை லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. இன்று நாம் கட்டும் ஒவ்வொரு யூனிட்டிலும் அந்தப் பழைய கடனின் வட்டி ஒளிந்திருக்கிறது.

2022-இல் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் போட்ட உத்தரவு, ஆண்டுதோறும் ஜூலையில் விலைவாசி உயர்வை ஒட்டிக் கட்டணத்தை ஏற்ற வழி வைத்தது. உச்சவரம்பு 6 சதவீதம். ஜூலை வந்தாலே கட்டணச் செய்தி வருவது இதனால்தான். காற்றாலைக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை.

500 யூனிட் தாண்டினா பில் எகிறுதே, மீட்டர் கோளாறா?

மீட்டரில் கோளாறு இல்லை. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை உள்ளவருக்கு ஒரு கணக்கு, தாண்டியவருக்கு வேறு கணக்கு. 500-க்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, கடைசி 100-க்கு 6.30. மொத்தம் 1,805 ரூபாய்.

ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால், 101 முதல் 200 வரைக்கான 2.35 சலுகை போய் அதுவும் 4.70 ஆகிவிடும். பில் 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய்! அதற்கு மேல் 501–600-க்கு 8.40, 601–800-க்கு 9.45, 801–1000-க்கு 10.50, ஆயிரத்துக்கு மேல் 11.55. கீழே மாடி சோலார் கணக்குப் போடும்போது இந்தப் படிகள்தான் முக்கியம்.

சோலார் யூனிட் இரண்டரை ரூபாய்னு பேப்பர்ல போடுறான், எனக்கு ஏன் எட்டு ரூபாய்?

அந்த இரண்டரை ரூபாய், சோலார் பூங்காவின் வாசலில் மதியம் விளையும் யூனிட்டின் விலை. நீங்கள் வாங்குவது ராத்திரி எட்டு மணிக்கு, உங்கள் வீட்டு பிளக்கில். இரண்டும் வேறு வேறு சரக்கு. நடுவே 400 கிலோவோல்ட் கம்பி, மூன்று நான்கு துணைமின் நிலையங்கள், தெரு டிரான்ஸ்பார்மர், வழியில் ஏற்படும் இழப்பு, வெயில் சாய்ந்த பிறகு ஈடுகட்டும் அனல்மின் நிலையம் எல்லாம் இருக்கின்றன. தவிர, எட்டு ரூபாய் கட்டுகிறவர் 100 யூனிட் இலவசம் வாங்குகிறவருக்கும் கொஞ்சம் சேர்த்தே கட்டுகிறார்.

பழைய ஒப்பந்தங்களும் உண்டு. 2015 வாக்கில் தமிழ்நாட்டில் சோலாருக்கு யூனிட் 7.01 ரூபாய் என்று 25 ஆண்டுக்கு எழுதினார்கள். கமுதியின் 648 மெகாவாட் நிலையம் அந்தக் காலத்தது. பிறகு ஏல விலை சரிந்தாலும் எழுதின ஒப்பந்தம் சரியாது.

மின்சந்தையைப் பார்த்தால் நேரத்தின் விலை பளிச்சென்று தெரியும். வெயில் நாளில் மதியம் யூனிட் இரண்டு ரூபாய் பக்கம் கிடைக்கும் மின்சாரம், பற்றாக்குறை நாளில் மாலை ஏழு மணிக்கு உச்சவரம்பான பத்து ரூபாயைத் தொடும்.

நிலக்கரி ஆலையை மதியம் நிறுத்திட்டு சாயங்காலம் போட்டா போதாதா?

கொதிகலன் சுவிட்ச் போட்டால் எரியும் அடுப்பல்ல. முழுதாக ஆறிய யூனிட்டைத் திரும்ப எழுப்பப் பல மணி நேரமும் நிறைய எண்ணெயும் ஆகும். அதனால் மதியம் அதை அணைக்காமல், தாங்கும் அளவுக்குக் குறைத்து ஓட்டுகிறார்கள். அந்த அடிமட்டம் வழக்கமாக 55 சதவீதம். அதை 40-க்கு இறக்கும் வேலை நாடு முழுக்கப் படிப்படியாக நடக்கிறது. குறைத்து ஓட்டினால் ஒரு யூனிட்டுக்கு எரியும் கரி கூடுகிறது, குழாய்களும் சீக்கிரம் தேய்கின்றன. ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆலைக்குத் தரவேண்டிய நிலைக்கட்டணம் தனி.

ஆரல்வாய்மொழி பக்கம் நல்லா காத்தடிக்கும்போதே காத்தாடி சும்மா நிக்குதே?

மூன்று காரணம் இருக்கலாம். ஒன்று, பழுது. முப்பந்தலில் இன்னும் நிற்கும் பழைய 225, 250 கிலோவாட் இயந்திரங்களுக்கு உதிரி பாகம் கிடைப்பதே பெரும்பாடு. இரண்டு, அந்தப் பகுதித் துணைமின் நிலையமோ கம்பியோ ஏற்கெனவே நிரம்பியிருப்பது. மூன்று, எந்த நிலையம் எவ்வளவு மின்சாரம் தரவேண்டும் என்று சொல்லும் மின் சுமை பகிர்வு மையம் 'குறை' என்று சொல்லியிருப்பது.

மூன்றாவதில்தான் சண்டை. சட்டப்படி காற்றாலை, சோலார் மின்சாரத்தைக் கட்டாயம் எடுக்கவேண்டும். மின்தொகுப்பின் (கிரிட்) பாதுகாப்புக்கு ஆபத்து என்றால் மட்டும் நிறுத்தலாம். விலை மலிவாக வேறெங்கோ கிடைக்கிறது என்பதற்காக நிறுத்தினால் நட்டஈடு தரவேண்டும் என்று மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021-இல் தமிழ்நாட்டு சோலார் வழக்கில் தீர்ப்பளித்தது. நிறுத்தியதற்கும் காசு, அதே நேரத்தில் கரியை எரித்ததற்கும் காசு என்றால் இரண்டும் சுற்றி வந்து நம் பில்லில்தான் விழும்.

கம்பியிலே இடம் இல்லைங்கிறாங்க, ஆனா பாதி காலியா ஓடுதுன்னும் சொல்றாங்க. எது நிஜம்?

இரண்டும். ஒரே கோபுரத்தில் இரண்டு சுற்று (தனித்தனியாக மின்சாரம் போகும் இரண்டு கம்பித் தொகுதி) போகிறது என்று வைத்துக்கொள்வோம். இடி விழுந்து ஒன்று அறுந்தால் அதன் சுமை முழுவதும் அந்த நொடியே மற்றதன் மேல் ஏறும். அதையும் தாங்கவேண்டும் என்பதால் இரண்டையும் ஏறக்குறையப் பாதிதான் நிரப்புவார்கள். இதைக் காலி இடம் என்று நினைத்து நிரப்பினால், ஒரு கம்பி போனதும் வரிசையாக எல்லாம் போகும். 2012 ஜூலை 30, 31-இல் வட இந்தியா இருண்டது இப்படித் தொடர்ச்சியாகச் சரிந்ததால்தான்.

இதோடு பருவமும் சேர்கிறது. தமிழ்நாட்டில் 11,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை இருக்கிறது. ஆடிக் காற்றில் ஒரே நாளில் 10 கோடி யூனிட் தாண்டும். தை மாதத்தில் ஒரு கோடிக்கும் கீழே போகும் நாள் உண்டு. ஆடிக்கு அளவெடுத்த கம்பி மீதி மாதங்களில் சும்மா தொங்கும்.

கிரிட்டை மேம்படுத்துறதுன்னா என்னதான் பண்றாங்க?

மலிவானதிலிருந்து ஆரம்பித்தால், முதல் வேலை கம்பி மாற்றுவது. வழக்கமான அலுமினியம்–எஃகு கம்பியை 75, 85 டிகிரிக்கு மேல் சூடேற விடமுடியாது. தொய்ந்து கீழே உள்ள மரத்தைத் தொடும். வெப்பம் தாங்கும் புதுவகைக் கம்பி 150 டிகிரியைத் தாண்டியும் அதிகம் தொய்யாது. அதே கோபுரம், அதே பாதை, ஏறக்குறைய இரண்டு மடங்கு மின்னோட்டம். புது நிலம் தேவையில்லை. இதில் அடிக்கடி தவறும் இடம் இரண்டு. கம்பியை மாற்றிவிட்டு, இரு முனையிலும் உள்ள பிரேக்கர், கரண்ட் டிரான்ஸ்பார்மர், கிளாம்ப் ஆகியவற்றைப் பழையபடி விட்டுவிடுவார்கள். முழு சுமை ஏற்றிய முதல் கோடையில் இணைப்பு கருகும். இன்னொன்று, மின்னோட்டம் இரட்டித்தால் இழப்பு நான்கு மடங்காகும். ஆண்டில் சில நூறு மணி நேரம் மட்டும் நெரிசல் உள்ள பாதைக்கு இது சரி. ஆண்டு முழுக்க நிரம்பி ஓடும் பாதைக்குப் புது லைன்தான் கட்டுப்படியாகும்.

அடுத்தது வோல்ட்டேஜைப் பிடித்து நிறுத்துவது. பழைய காற்றாலைகள் மின்சாரம் தரும்போதே தங்கள் காந்தப்புலத்துக்குத் தேவையான திறனை (ரியாக்டிவ் பவர்) தொகுப்பிலிருந்து இழுக்கும், இதனால் வோல்ட்டேஜ் சரியும். கெப்பாசிட்டர் பேங்க் போட்டுச் சமாளிக்கலாம், ஆனால் காற்று சட்டென்று நின்றால் அதே கெப்பாசிட்டர் வோல்ட்டேஜைத் தூக்கிவிடும். நொடிக்கும் குறைவான நேரத்தில் கூட்டியும் குறைத்தும் தரும் ஸ்டாட்காம் கருவிகளை உடுமலைப்பேட்டை போன்ற இடங்களில் வைத்திருப்பது இதற்காகத்தான்.

மூன்றாவது, புதுத் துணைமின் நிலையமும் லைனும். பசுமை மின்பாதைத் திட்டத்தின் முதல் கட்டம் எட்டு மாநிலங்களுக்கு 10,142 கோடி ரூபாய். தேனிப் பக்கக் காற்றை வெளியே எடுக்கும் தப்பகுண்டு 400 கிலோவோல்ட் நிலையம் அந்த வரிசையில் வந்தது. இரண்டாம் கட்டம் 2022 ஜனவரியில் ஒப்புதலானது: தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்கள், 12,031 கோடி. இதில் பெரிய தலைவலி காலம். சோலார் பூங்கா ஒன்றரை வருடத்தில் தயாராகிவிடும். லைன் முடிய மூன்று முதல் ஐந்து வருடம். பேனலுக்கு அனுமதி கொடுத்துவிட்டுக் கம்பிக்கு டெண்டர் விட்டால், நடுவில் உள்ள வருடங்கள் வீண்.

ரோட்டுக்கும் ரயிலுக்கும் கொடுக்கிற மாதிரி டவர் லைனுக்கு நிலத்துக்குப் பணம் உண்டா?

நிலத்தை யாரும் வாங்குவதில்லை, பட்டா உங்கள் பெயரில்தான் இருக்கும். பயிர், மர இழப்பு தனி; நில மதிப்புக் குறைவுக்குத் தருவது தனி. மத்திய மின்துறையின் 2024 ஜூன் வழிகாட்டுதல்படி கோபுரத்தின் நான்கு காலுக்குள் வரும் பரப்புக்கு நில மதிப்பில் 200 சதவீதம், கம்பி போகும் பட்டைக்கு 30 சதவீதம். 2015-இல் இது 85-ம் 15-ம் ஆக இருந்தது. ஆனால் மத்திய வழிகாட்டுதலை மாநிலம் தன் லைன்களுக்கு ஏற்றால்தான் செல்லும். உங்கள் நிலத்தில் வருவது மத்திய அரசு நிறுவனமான பவர் கிரிட்டின் லைனா, மாநில மின்தொடரமைப்புக் கழக லைனா என்று முதலில் கேளுங்கள்.

400 கிலோவோல்ட் பட்டையின் அகலம் 46 மீட்டர். அதற்குள் தென்னை, வீடு கூடாது. நெல், கடலை, காய்கறி போடலாம். அளவெடுக்க வரும் நாளிலேயே மரங்களை எண்ணிப் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய பிறகு எண்ண முடியாது.

புகளூர் லைன்னு ஒன்னு வந்துச்சே, அது நம்ம காத்தை வடக்கே அனுப்பவா, அங்க இருந்து கொண்டுவரவா?

இரண்டுக்கும். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டம் புகளூர் வரை 1,700 கிலோமீட்டருக்கு மேல் நீளும் 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்டப் பாதை அது. கொள்ளளவு 6,000 மெகாவாட். கோடையில் அங்கிருந்து இறக்கலாம், ஆடியில் இங்கிருந்து ஏற்றலாம். புகளூரிலிருந்து திருச்சூருக்கு இன்னொரு 2,000 மெகாவாட் பாதை போகிறது.

2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாக இணையும் வரை தென்மாநிலத் தொகுப்பு மற்றவற்றோடு ஒரே துடிப்பில் ஓடவில்லை. அதற்கு முன் நம் காற்று மிஞ்சினாலும் அனுப்ப வழி குறைவு, நமக்குத் தட்டினாலும் வாங்க வழி குறைவு. 2012-இன் நீண்ட மின்வெட்டுகளை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது புரியும்.

இந்தக் கம்பிச் செலவை யார் கட்டுறது? கம்பெனியா, நாமளா?

கடைசியில் நாம்தான். எவ்வளவு என்பது, கம்பி எத்தனை மணி நேரம் வேலை செய்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு மெகாவாட் இடமுள்ள பாதையில் ஆண்டு முழுக்க மின்சாரம் ஓடினால் 87.6 லட்சம் யூனிட் போகும். அனல்மின் நிலையம் 70 சதவீதம் பயன்படுத்தினால் சுமார் 61 லட்சம் யூனிட்டில் செலவு பங்காகும். சோலார் மட்டும் 20 சதவீதம் பயன்படுத்தினால் 17.5 லட்சத்தில் பங்காகும். கம்பி ஒன்றேதான், யூனிட்டுக்கு விழும் செலவு மூன்றரை மடங்கு. 'சோலார் மலிவு' என்று ஏல விலையை மட்டும் காட்டுகிறவர்கள் விட்டுவிடும் கணக்கு இது.

மாற்று வழி, காற்றையும் சோலாரையும் ஒரே துணைமின் நிலையத்தில் சேர்ப்பது. காற்று ராத்திரியிலும் ஆடியிலும் வரும், வெயில் பகலிலும் பங்குனியிலும் வரும். இரண்டும் உச்சத்தைத் தொடும் மணி நேரம் குறைவு. அந்தச் சில மணி நேரத்தைக் கொஞ்சம் வெட்டிவிட்டால் புதுக் கம்பி இல்லாமலே பாதை நிரம்பும். தென்மாவட்டங்களில் இதை முதலில் செய்துவிட்டுத்தான் புது லைன் பற்றிப் பேசவேண்டும் என்பது எங்கள் கருத்து.

இன்னொன்று: மாநிலம் தாண்டிய பாதைகளுக்கு, 2025 ஜூன் 30-க்குள் ஓடத் தொடங்கிய சோலார், காற்றாலைகளுக்குக் கட்டணம் முழு விலக்கு. அதற்குப் பின் வருபவற்றுக்கு ஆண்டுக்கு 25 சதவீதமாக விலக்கு குறைகிறது. விலக்கு என்றால் செலவு மறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. மற்ற மின்சாரத்தின் மேல் ஏறியிருந்தது, அவ்வளவுதான்.

பேட்டரி வந்துட்டா எல்லாம் சரியாயிடுமா?

மதியத்தை மாலைக்கு நகர்த்துவது சரியாகும். ஆடியைப் பங்குனிக்கு நகர்த்துவது ஆகாது. பேட்டரியின் செலவு அது எத்தனை தடவை நிரம்பி வடிகிறது என்பதில் இருக்கிறது. தினமும் ஒரு தடவை என்றால் ஆண்டு வாடகை 365-ஆல் வகுபடும். ஆண்டுக்கு நூறு தடவை என்றால் யூனிட்டுக்குச் செலவு மூன்றரை மடங்குக்கு மேல். ஆண்டுக்கு ஒரே தடவை நிரப்பும் பருவச் சேமிப்பு எந்தக் கணக்கிலும் கட்டாது.

தண்ணீரை மேலே ஏற்றி இறக்கும் முறை நமக்குப் புதிதல்ல. ஆழியாறு மலையில் காடம்பாறை 400 மெகாவாட் நிலையம் 1980-களின் கடைசியிலிருந்து இருக்கிறது. நீலகிரியில் குந்தா 500 மெகாவாட் கட்டப்பட்டு வருகிறது. ஏற்றிய மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்காவது வழியில் போகும். மதியம் 2.50-க்கு வாங்கி ஏற்றினால், நிலையத்தின் செலவைச் சேர்க்காமலே மாலையில் யூனிட் 3.10-ஐத் தாண்டும். மாலைச் சந்தை விலை பத்து ரூபாய் என்றால் அதுவும் லாபம்தான்.

இவை எல்லாவற்றையும்விட மலிவானது, வேலையை மதியத்துக்கு மாற்றுவது. விவசாய மோட்டார், குடிநீர் வாரிய பம்ப், குளிர்பதனக் கிடங்கு மூன்றும் மதியம் ஓடினால் அந்த அளவுக்குப் பேட்டரி வாங்கவே வேண்டாம்.

எங்க வீட்டு மாடிக்கு எத்தனை கிலோவாட் போடலாம்? மூணு போட்டா மானியம் அதிகம்ங்கிறாங்களே.

மானியத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், பில்லைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றும் அதற்கு மேலும் போட்டால் மொத்தம் 78,000. ஒரு கிலோவாட் நாளுக்கு ஏறக்குறைய 4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 240 யூனிட் தரும்.

இரண்டு மாதத்துக்கு 600 யூனிட் ஓடும் வீடு இப்போது 2,880 ரூபாய் கட்டுகிறது. ஒரு கிலோவாட் போட்டால் நிகர யூனிட் (ஓடியதில் சோலார் தந்ததைக் கழித்தது) 360 ஆகி, பில் 987-க்கு இறங்கும். மிச்சம் 1,893. இரண்டாவது கிலோவாட் போட்டால் நிகரம் 120, பில் 47 ரூபாய். கூடுதல் மிச்சம் 940. மூன்றாவது கிலோவாட்டால் கூடுதலாக மிஞ்சுவது அந்த 47 ரூபாய் மட்டும். முதல் கிலோவாட் உயரமான படிகளை வெட்டுகிறது, 500-ஐத் தாண்டிய அபராதத்தையும் சேர்த்து. மூன்றாவதுக்கு வெட்ட ஒன்றும் மிச்சமில்லை. ஏ.சி., மின்சார ஸ்கூட்டர் என்று 900 யூனிட்டுக்குப் போகும் வீட்டுக்கு மூன்று சரி. 300 யூனிட் வீட்டின் பில்லே 705 ரூபாய்தான். அங்கே அவசரம் இல்லை.

தெற்குப் பார்த்து, பத்து டிகிரி அளவில் சாய்த்தால் போதும். தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு பேனலின் மூலையில் விழுந்தாலும் அந்த வரிசை முழுக்கப் பாதிக்கும், அதனால் நிழலை மார்கழியில் பாருங்கள். சித்திரையில் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

கரண்ட் போனா நம்ம சோலாரும் சேர்ந்து நிக்குதே, அப்புறம் எதுக்கு அது?

அது நிற்பது, கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேனைக் காப்பாற்ற. தெரு லைன் நின்றதும் இன்வெர்ட்டர் தானாக நிற்காவிட்டால் உங்கள் மாடி மின்சாரம் டிரான்ஸ்பார்மர் வழியாக ஏறி, செத்த லைன் என்று நினைத்துத் தொடுபவரைக் கொல்லும். மின்வெட்டிலும் ஓடவேண்டும் என்றால் பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர் வேண்டும், செலவு தனி.

வெயில் நல்லா அடிக்கிற நேரத்துலதான் இன்வெர்ட்டர் ட்ரிப் ஆகுது. கம்பெனிக்காரன் ஈபியைக் கைகாட்டுறான், ஈபி கம்பெனியைக் கைகாட்டுது.

மதியம் இன்வெர்ட்டரின் திரையில் வோல்ட்டேஜைப் பாருங்கள். 250-ஐத் தாண்டி நின்றால் காரணம் அதுதான். மின்சாரம் வெளியே போகவேண்டும் என்றால் உங்கள் பக்க வோல்ட்டேஜ் கம்பத்தைவிட உயரவேண்டும். மூன்று கிலோவாட் என்றால் சுமார் 13 ஆம்பியர். 30 மீட்டர் தூரத்துக்கு 4 சதுர மில்லிமீட்டர் அலுமினியக் கம்பி இருந்தால் அதிலேயே ஏறக்குறைய 6 வோல்ட் ஏறும். 10 சதுர மில்லிமீட்டர் போட்டால் இரண்டரைதான். துருப்பிடித்த நியூட்ரல் இணைப்பு இருந்தால் இன்னும் கூடும்.

முதலில் கம்பத்திலும் மீட்டரிலும் நியூட்ரல் இணைப்பைச் சரி செய்யச் சொல்லுங்கள். அடுத்து சர்வீஸ் கம்பியின் கனம். இரண்டும் சரியாக இருந்தும் காலையிலேயே, பேனல் வேலை தொடங்கும் முன்பே 245 காட்டினால், கோளாறு தெருவில். ஒரே ஃபேஸில் எல்லா மாடி சோலாரும் சேர்ந்திருக்கலாம், பிரித்துப் போடவேண்டும். 250 கேவிஏ போன்ற பெரிய டிரான்ஸ்பார்மரில் டேப் (வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கும் படி) மாற்றி இரண்டரை சதவீதம் இறக்கலாம். வோல்ட்டேஜ் வரம்பை இன்வெர்ட்டரிலேயே ஏற்றிவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். பக்கத்து வீட்டு டிவி போகும்.

மாடி சோலார் போட்ட வசதியானவங்க கம்பிச் செலவை ஏழைங்க மேல தள்ளிட்டாங்கன்னு சொல்றது நியாயமா?

பாதி நியாயம். 2022-இல் வீடுகளுக்கு நிலைக்கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். அதனால் கம்பி, டிரான்ஸ்பார்மர், ஊழியர் செலவு எல்லாம் யூனிட் விலைக்குள் இருக்கிறது. நிகர யூனிட் 100-க்குள் வந்த வீட்டுக்கு யூனிட் கட்டணம் எதுவுமில்லை. ஆனால் அந்த வீடு மதியம் கம்பியில் அனுப்பி, ராத்திரி அதே கம்பியில் திரும்ப வாங்குகிறது. இரண்டு ரூபாய் நேரத்தில் கொடுத்துப் பத்து ரூபாய் நேரத்தில் ஒன்றுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்கிறது. இன்றைய எண்ணிக்கையில் இது பெரிய தொகை இல்லை.

அதே வித்தை பெரிய அளவில் பல வருடமாக நடக்கிறது என்பதைப் பேசுகிறவர்கள் குறைவு. 2018 மார்ச் 31 வரை வந்த சொந்தப் பயன்பாட்டுக் காற்றாலைகள் ஏப்ரல் முதல் மார்ச் வரை மின்சாரத்தைத் தொகுப்பில் 'பேங்க்' பண்ணலாம். ஆடியில் மிஞ்சிய யூனிட்டை மாசியில் எடுக்கலாம். இடையில் 14 சதவீதம் பிடித்தம். கோவை, திருப்பூர் ஆலைகள் தலைநிமிர்ந்து நின்றதில் இதற்குப் பங்குண்டு. மாசியில் அந்த யூனிட்டைத் தர மின்வாரியம் என்ன விலைக்கு வாங்குகிறது என்பதை 14 சதவீதம் ஈடுகட்டுவதில்லை. 2018-க்குப் பின் வந்த காற்றாலைகளுக்கு மாதக் கணக்குதான்.

தீர்வு, நேரத்துக்கு ஏற்ற விலை. உயரழுத்தத் தொழிற்சாலைகளுக்கு அது ஏற்கெனவே இருக்கிறது: காலை 6.30 முதல் 10.30 வரையும் மாலை 6 முதல் 10 வரையும் 25 சதவீதம் கூடுதல், இரவு 10 முதல் 5 வரை 5 சதவீதத் தள்ளுபடி. சோலார் வராத காலத்தில் எழுதிய நேரப்பட்டியல் இது. காலை ஒன்பது மணிக்கு மேல் பேனல்கள் எழுந்துவிட்ட பிறகும் அபராதம் போடுகிறது, மதியம் ஒரு மணிக்குச் சலுகை எதுவும் தருவதில்லை. மத்திய அரசின் 2023 விதி சோலார் நேரத்துக்குக் குறைந்தது 20 சதவீதம் மலிவு வேண்டும் என்கிறது. வீடுகளுக்கு இதைக் கொண்டுவர 15 நிமிடத்துக்கு ஒரு முறை பதியும் ஸ்மார்ட் மீட்டர் தேவை. சென்னை தியாகராய நகரில் முன்னோட்டமாகப் பொருத்தியதைத் தவிர, பெரும்பாலான வீடுகளில் இன்னும் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஆள் வந்து எண்ணைக் குறிக்கும் மீட்டர்தான். அதற்கு மதியம் ஒரு மணியும் தெரியாது, ராத்திரி எட்டு மணியும் தெரியாது.